கால்பந்துக் கழகம் யாருக்குச் சொந்தம்?

2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓர் இரவு, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்து நண்பர் ஒருவர் அழைத்தார். எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து திருச்சியில் என்னோடு கல்லூரியில் படித்தவர். விடுமுறை நாள்களில் ஜீயபுரத்தில் எங்கள் வீட்டில் தங்கி, காவிரி மணலில் எங்களோடு பந்து உதைத்தவர். பின்னர் சுவிட்சர்லாந்து சென்று அங்கேயே குடியமர்ந்துவிட்டார். “மச்சான், உங்கட ஊர் கிளப்பை எங்கட கிளப் வாங்கிப்போட்டுதாம், தெரியுமோ?” என்றார் சிரித்தபடி.

அவர் சொன்னது பாதி சரி. சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற கழகமான எஃப்.சி. பாசல், ஐ-லீக் தொடரில் ஆடிக்கொண்டிருந்த சென்னை சிட்டி கழகத்தின் 26 சதவீதப் பங்குகளை அப்போது பெற்றிருந்தது. எனக்கு அது பெருமையாக இருந்தது. நண்பரின் வீட்டிலோ நிலைமை வேறு. “என்ர பெடியன் சரியான கோவத்திலை நிக்கிறான். எங்களைக் கேக்காமல் இந்தியாவிலை ஏன் காசு போட்டவை எண்டு கத்துறான்” என்றார். அவருடைய மகன் பாசல் கழகத்தின் உறுப்பினர்.

அந்த இளைஞனின் கோபம் அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. இந்தியாவின்மீது ஏதோ இளக்காரம் என்றுகூட நினைத்தேன். ஏழு ஆண்டுகள் கழித்து, இந்தியக் கால்பந்து இன்று நிற்கும் நிலையைப் பார்க்கும்போதுதான் அவன் கேட்டது எவ்வளவு அடிப்படையான கேள்வி என்பது புரிகிறது.

கோவையில் ஒரு மாலை

பாசலின் முதலீடு வந்த சில வாரங்களில், 2019 மார்ச் 9 அன்று, கோவை நேரு விளையாட்டரங்கில் சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை 3-1 என்ற கணக்கில் வென்றது. தொடக்கத்திலேயே ஒரு கோல் வாங்கிப் பின்தங்கியிருந்த அணி, இரண்டாம் பாதியில் பெத்ரோ மான்சி அடித்த ஒரு கோலாலும் கௌரவ் போரா அடித்த இரண்டு கோல்களாலும் மீண்டது. அதே வேளையில் ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டில் வென்றுகொண்டிருந்தது. இறுதியில் 43 புள்ளிகளுடன் சென்னை சிட்டி சாம்பியன். 42 புள்ளிகளுடன் ஈஸ்ட் பெங்கால் இரண்டாமிடம். பெரிய செல்வாக்கில்லாத ஓர் அணி, நூற்றாண்டை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு கழகத்தை ஒற்றைப் புள்ளியில் முந்தியது. அந்தப் பருவத்தில் மான்சி மட்டும் 21 கோல்கள் அடித்தார். உரிமையாளர் ரோஹித் ரமேஷும் சிங்கப்பூர்ப் பயிற்சியாளர் அக்பர் நவாஸும் செய்தது சாதாரணச் சாதனையன்று.

அதே ஆண்டு மே மாதம் மதுரையின் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கை வென்றது. ஆடவர், மகளிர் என இரண்டு தேசியப் பட்டங்கள் ஒரே ஆண்டில் தமிழ்நாட்டுக்கு வந்தன. தமிழ்நாட்டுக் கால்பந்தின் பொற்காலம் பிறந்துவிட்டது என்றே நம்பினோம்.

பிறகு நடந்தவை விரைவாகச் சொல்லி முடிக்கக்கூடியவை. 2020 ஜனவரியில் மான்சி ஜப்பானியக் கழகம் ஒன்றுக்குச் சென்றார். சாம்பியன் என்ற தகுதியில் கிடைத்த ஆசியப் போட்டிகளைச் சென்னை சிட்டி கோவையிலோ சென்னையிலோ ஆடவில்லை, அகமதாபாத்தில் ஆடியது. பெருந்தொற்று வந்தது. 2020-21 ஐ-லீக் முழுவதும் வங்கத்தில் நடைபெற்றது. 2021-22 பருவத்தின் அணிப் பட்டியலில் சென்னை சிட்டி இல்லை. பட்டம் வென்ற மூன்றே ஆண்டுகளில் தேசிய லீக்கிலிருந்து ஒரு சாம்பியன் காணாமல் போனது. அதற்காகக் கோவையிலோ சென்னையிலோ பெரிய ஊர்வலம் எதுவும் நடந்ததாக எனக்கு நினைவில்லை.

ரைன் கரையில் நடந்தது

பாசல் நகரின் மக்கள்தொகை இரண்டு லட்சத்துக்கும் குறைவு. 2011 கணக்கெடுப்பின்படியே எட்டு லட்சத்தைத் தாண்டிய திருச்சியோடு ஒப்பிட்டால் அது சிற்றூர். அங்கே சுமார் 38,000 பேர் அமரக்கூடிய சாங்க்ட் யாக்கோப் அரங்கம் இருக்கிறது. ‘யோகேலி’ என்று உள்ளூர் மக்கள் செல்லமாக அழைக்கும் அந்த அரங்கம் 2001இல் திறக்கப்பட்டது. அதன் கட்டடத்துக்குள்ளேயே வணிக வளாகமும் முதியோர் குடியிருப்பும் உண்டு. பந்தாட்டம் அங்கே ஊரின் அன்றாட வாழ்வோடு ஒட்டியிருக்கிறது.

1893இல் தோன்றிய இந்தக் கழகம் 2010 முதல் 2017 வரை தொடர்ந்து எட்டு முறை சுவிஸ் லீக்கை வென்றது. ஐரோப்பாவுக்கு வந்த முகமது சாலா முதலில் ஆடியது இங்கேதான். ஷெர்தான் ஷகிரியும் கிரானிட் ஷாகாவும் இங்கே வளர்ந்தவர்கள். வங்கிகளின் நகரமான சூரிச்சோடு, மருந்துத் தொழிலின் நகரமான பாசலுக்கு உள்ள பகை பெயர்பெற்றது. 2006 மே 13 அன்று பாசலின் சொந்த அரங்கிலேயே கடைசி நிமிடக் கோலால் எஃப்.சி. சூரிச் பட்டத்தைப் பறித்தபோது மைதானத்தில் வன்முறை வெடித்தது. ரசிகப் பற்றின் கசப்பான முகமும் அந்த ஊருக்குத் தெரியும்.

ஆனால் அதே பற்றுக்கு வேறொரு முகமும் உண்டு. பாசல் கழகத்தை நடத்தும் நிறுவனத்தில் 75 சதவீதம் முதலீட்டாளர் கையிலும், 25 சதவீதம் உறுப்பினர்களின் சங்கத்திடமும் இருக்கின்றன. கால் பங்கு என்பது பெரும்பான்மை அன்று. ஆயினும் அதைக் கையில் வைத்திருப்பவர்கள் பொதுக்குழுவில் எழுந்து நின்று கேள்வி கேட்க முடியும். அன்றைய தலைவர் பெர்ன்ஹார்ட் புர்கெனரின் இந்திய முதலீட்டை அவர்கள் கேள்விக்குள்ளாக்கினார்கள். 2021இல் லண்டனைச் சேர்ந்த ஒரு முதலீட்டு நிறுவனத்துக்குக் கழகம் கைமாறக்கூடும் என்ற செய்தி பரவியபோது வீதிக்கு வந்தார்கள். முடிவில் புர்கெனர் விலகினார். கழகத்தின் முன்னாள் ஆட்டக்காரர் டேவிட் டேகன் பொறுப்பேற்றார். 2024-25 பருவத்தில், ஊர் திரும்பிய ஷகிரியின் துணையோடு பாசல் லீக்கையும் கோப்பையையும் சேர்த்தே வென்றது.

சூரிச்சில் இது இன்னொரு வடிவம் எடுக்கிறது. அங்கே புதிய கால்பந்து அரங்கம் கட்டலாமா என்று நகர மக்களிடமே வாக்கெடுப்பு நடத்துகிறார்கள். 2013இல் மறுத்தார்கள்; 2018இலும் 2020இலும் ஒப்புக்கொண்டார்கள். இதனால் காலம் விரயமாகிறது என்பது உண்மை. கிராஸ்ஹாப்பர் கழகம் தன் பழைய மைதானத்தை இழந்தபின், போட்டிக் கழகத்தோடு தடகள அரங்கம் ஒன்றைப் பகிர்ந்துகொண்டு ஆடிவருகிறது. சுவிட்சர்லாந்தில் எல்லாம் செம்மை என்று சொல்லவும் இயலாது. 2011இல் அயல்நாட்டுச் செல்வந்தர் ஒருவர் வாங்கிய நோஷாதெல் சாமக்ஸ் கழகம், 2012 ஜனவரியிலேயே திவாலானது. எனினும் அது உள்ளூரில் மீண்டும் தொடங்கப்பட்டு, அடிமட்டத்திலிருந்து ஏறி மேலே வந்தது. உரிமையாளர் போனாலும் கழகத்தைத் தூக்கி நிறுத்த ஊர் இருந்தது.

வந்தவர்களும் போனவர்களும்

இனி நம் நாட்டைப் பார்ப்போம். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2010இல் தன் வணிக உரிமைகளைப் பதினைந்து ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய்க்கு ஒரு தனியார் கூட்டணிக்கு வழங்கியது. இந்தியன் சூப்பர் லீக் அதிலிருந்தே பிறந்தது. ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவுக்கு வந்தது. அடுத்தது என்ன என்பது தெளிவாகாததால், 2025 ஜூலையிலேயே புதிய பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. இரு முறை சாம்பியனான சென்னையின் எஃப்.சி. தன் முதன்மை அணியின் செயல்பாடுகளை ஆகஸ்டில் நிறுத்திவைத்தது. புதிய உரிமைக்கான ஒப்பந்தப்புள்ளிக்கு ஒருவரும் முன்வரவில்லை. 2026 பிப்ரவரி 14இல் சுருக்கப்பட்ட வடிவில் தொடர் தொடங்கும் என்று ஒன்றிய விளையாட்டுத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா ஜனவரியில் அறிவித்தார். அதுவரை வீரர்கள் மாதக்கணக்கில் வேலையின்றிக் காத்திருந்தார்கள்.

இந்த இடைவெளியில் நடந்த இரு நிகழ்வுகளைக் கவனிக்க வேண்டும். 2021-22இல் பட்டம் வென்ற ஹைதராபாத் எஃப்.சி., டெல்லிக்கு இடம்பெயர்ந்து பெயரையே மாற்றிக்கொண்டது. 2019இல் மும்பை சிட்டியின் 65 சதவீதப் பங்குகளை வாங்கிய சிட்டி ஃபுட்பால் குழுமம், கடந்த டிசம்பரில் அவற்றை விட்டு விலகியது. மான்செஸ்டர் சிட்டியை நடத்தும் அதே குழுமம்தான் இது. 2014இல் கொல்கத்தாவுக்கு வந்த அத்லெடிகோ மாட்ரிட், 2017இலேயே விடைபெற்றிருந்தது.

அயல்நாட்டுப் பணம் தீயது என்பதல்ல என் வாதம். மும்பை அதனால் கோப்பைகளை வென்றது. முதலீட்டாளர் வருவதும் போவதும் வணிகத்தின் இயல்பு. அவர் போன பிறகு எது எஞ்சுகிறது என்பதே கேள்வி. கழகத்தின் சொத்து முழுவதும் ஓர் உரிமம், சில ஆட்டக்காரர் ஒப்பந்தங்கள், வாடகை மைதானம் என்பதாகவே இருந்தால், உரிமையாளரோடு கழகமும் போய்விடும். ரசிகனிடம் எஞ்சுவது சாயம் வெளுத்த ஒரு சட்டை மட்டுமே.

கொல்கத்தா காட்டும் வழி

உறுப்பினர் சங்கம் என்பது ஐரோப்பியரின் தனிச் சொத்து அன்று. 1889இல் தோன்றிய மோகன் பகானும், 1920இல் தோன்றிய ஈஸ்ட் பெங்காலும் உறுப்பினர்களைக் கொண்ட சங்கங்களாகவே வளர்ந்தவை. 2020இல் மோகன் பகானின் பெயருக்கு முன்னால் ‘ஏடிகே’ என்ற நிறுவனப் பெயர் ஒட்டப்பட்டபோது, அதை நீக்கக் கோரி ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2023 மார்ச்சில், அணி பட்டம் வென்ற அதே இரவில், பெயர் மாற்றப்படும் என்று உரிமையாளர் அறிவிக்க நேர்ந்தது. ஈஸ்ட் பெங்காலிலோ, முதலீட்டாளரின் இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் சங்கம் மறுத்து, 2021இல் பெரும் சர்ச்சையானது. இரண்டு கழகங்களிலும் குழப்பம் உண்டு, உட்பூசல் உண்டு. ஆனால் முதலீட்டாளர்கள் பலர் மாறியும் இரண்டும் இன்றும் இருக்கின்றன.

தமிழ்நாட்டின் கால்பந்து மரபு வேறு வகையானது. ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி போன்ற துறை அணிகளே நம் ஆட்டக்காரர்களுக்குச் சோறு போட்டன. பொன்மலை ரயில்வே மைதானத்தில் மாலைநேர ஆட்டங்களை நின்றுகொண்டே பார்த்து வளர்ந்தவன் நான். அந்த அணிகள் வேலை தந்தன. ஆனால் அவை எந்த ஊருக்கும் உரியவையாக இருக்கவில்லை. துறைகள் ஆளெடுப்பைக் குறைத்ததும் அணிகளும் மங்கின. அந்த வெற்றிடத்தில் தனியார் கழகங்கள் வந்தன. துறை அணிக்கும் தனியார் அணிக்கும் இடையே, ஊர் மக்களின் கழகம் என்ற ஒன்று நம்மிடம் வேரூன்றவே இல்லை.

அதை உருவாக்க அரசு பெரும் பணம் செலவிட வேண்டியதில்லை. நம் பெரிய மைதானங்கள் பெரும்பாலும் அரசிடமோ மாநகராட்சிகளிடமோதான் இருக்கின்றன. பொது மைதானத்தை நீண்ட காலத்துக்குக் கேட்கும் எந்தத் தொழில்முறைக் கழகத்துக்கும் மூன்று நிபந்தனைகளை விதிக்கலாம். முதலாவது, பதிவுசெய்யப்பட்ட ரசிகர் சங்கம் ஒன்றுக்குக் கழகத்தில் ஒரு பங்கு. பாசலைப் போலக் கால் பங்காக இல்லாவிட்டாலும், பத்தில் ஒன்றாகவேனும் அது இருக்கட்டும். இரண்டாவது, கழகத்தின் பெயர், நிறம், சொந்த ஊர் ஆகியவற்றை அந்தச் சங்கத்தின் ஒப்புதலின்றி மாற்ற முடியாது என்ற உறுதி. மூன்றாவது, ஆண்டுக்கொரு முறை கணக்கை உறுப்பினர்முன் வைத்தல். ஜெர்மனியில் வாக்குரிமையின் பெரும்பான்மை உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்பது பொது விதி. அதனால் அந்த நாட்டுக் கால்பந்து நலிந்துவிடவில்லை.

இத்தகைய நிபந்தனைகளைக் கண்டால் முதலீட்டாளர் வரமாட்டார் என்பார்கள். இத்தகைய நிபந்தனைகள் இல்லாத ஒப்பந்தப்புள்ளிக்கும் ஒருவரும் வரவில்லையே என்பதே என் பதில். மாறாக, ஆயிரக்கணக்கான உறுப்பினர்களும் நிரம்பும் மைதானமும் உள்ள ஓர் ஊர், முதலீட்டாளருக்கும் பாதுகாப்பான இடம்தான். உறுப்பினர் சங்கம் தவறே செய்யாது என்றும் யாரும் உறுதி தர முடியாது. ஆனால் அது செய்யும் தவறைத் திருத்த ஒரு பொதுக்குழு இருக்கும்.

சென்ற மாதம் நண்பரோடு பேசியபோது, அவருடைய மகன் கழகப் பொதுக்குழுவுக்குத் தவறாமல் போய்வருவதாகச் சொன்னார். ஈழத்திலிருந்து ஏதிலியாகச் சென்ற ஒருவரின் மகனுக்கு, ரைன் கரையில் உள்ள ஒரு கழகத்தில் வாக்கு இருக்கிறது. அந்தக் கழகம் யாருடையது என்று கேட்டால், தயங்காமல் ‘எங்களுடையது’ என்கிறான். ஜீயபுரத்தில் மாலைதோறும் பந்து உதைக்கும் பிள்ளைகளிடம் அதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். ஒருவன் பார்சிலோனா என்றான், மற்றொருவன் மான்செஸ்டர் சிட்டி என்றான். திருச்சியின் பெயரையோ, கோவையின் பெயரையோ, சென்னையின் பெயரையோ ஒருவன்கூடச் சொல்லவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்கள் ‘எங்களுடையது’ என்று சொல்லிக்கொள்ள ஒரு கழகத்தை நாம் இன்னும் விட்டுவைக்கவில்லை.