உளிக்கு இல்லாத பொத்தான்

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகக் கள்ளக்குறிச்சிக்குப் போயிருந்தேன். முகூர்த்தம் முடிந்து சாப்பாடும் ஆயிற்று. பஸ்ஸுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. ஊரில் மரச் சிற்ப வேலை செய்யும் சிநேகிதர் ஒருவர் இருக்கிறார். அவரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நடந்தேன்.

கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். ஊர் தனி மாவட்டத்தின் தலைநகரானது 2019-ல். ஆனால் நம் ஆசாரியாருக்கு 2021 தான் பெரிய வருஷம்!

திண்ணை முழுவதும் மரச் சீவல். அதைத் தாண்டிக் கூடத்துக்குள் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். சுவரில் ஒரு படம். அதில், கல்வராயன் மலை மேகம் அருவியின் அடியில், வெள்ளை வேட்டி சட்டையோடு, ஒரு சொட்டுத் தண்ணீர் கூட மேலே படாமல் ஆசாரியார் நின்றுகொண்டிருந்தார்!

"மலைக்குப் போய் வந்தீர்களா? சொல்லவே இல்லையே!" என்றேன்.

"நான் எங்கே அண்ணே போனேன்? பாப்பாதான் என்னைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தியிருக்குது!" என்று சிரித்தார்.

பாப்பாவுக்கு வயது பத்தொன்பது. கல்லூரியில் படிக்கிறது. தோழிகளோடு மலைக்குப் போனபோது போனில் அருவியைப் படம் பிடித்தது. அப்பாவை வீட்டு வாசலில் நிறுத்தி இன்னொரு படம் பிடித்தது. இரண்டையும் கம்ப்யூட்டரில் சேர்த்துவிட்டது. இதற்கான மென்பொருளுக்கு 'கிம்ப்' என்று பெயர். 1995-ல் கலிபோர்னியாவில் இரண்டு மாணவர்கள் தொடங்கிய காரியம். காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

"எல்லாம் சரி மாமா, ஒண்ணு கவனிச்சீங்களா?" என்றது பெண். "அருவி மேல வெயில் வலது பக்கமிருந்து விழுது. அப்பா மேல இடது பக்கமிருந்து விழுது. எங்க ஊர்ல மட்டும் ரெண்டு சூரியன்!"

முதல் பாடம் அதுதான். ஒரு படத்தில் இன்னொன்றை ஒட்டுமுன் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

கம்ப்யூட்டருக்குள் படம் என்பது வேறொன்றுமில்லை, புள்ளிகள்தான். நம் வீட்டுப் பெண்கள் வாசலில் புள்ளி வைக்கிறார்களே, அந்த மாதிரி. 1957-ல் அமெரிக்காவில் ரஸல் கிர்ஷ் என்ற விஞ்ஞானி தம் கைக்குழந்தையின் போட்டோ ஒன்றை முதன்முதலாகக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். பக்கத்துக்கு 176 புள்ளி, மொத்தம் 30,976. இன்று ஒரு சாதாரணப் போன் எடுக்கும் படத்தில் ஒரு கோடிப் புள்ளிக்குக் குறையாது. அத்தனையையும் நம் இஷ்டப்படி மாற்றலாம் என்பதில்தான் வேடிக்கையும் இருக்கிறது, வினையும் இருக்கிறது.

வினையைச் சொல்கிறேன்.

அருவி வேலை முடிந்ததும் பெண் அப்பாவுக்கு உபகாரமாக ஏதாவது செய்ய நினைத்தது. அவர் செதுக்கிய உருவங்களைப் படம் பிடித்து, பின்னாலிருந்த கொடிக்கயிறு, பிளாஸ்டிக் வாளி எல்லாவற்றையும் அழித்து, வெள்ளைப் பின்னணி வைத்தது. மரத்தின் நிறம் சரியாக வருகிறதா என்று, உருவத்தையே திரைக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத் திருத்தியது. கெட்டிக்காரப் பெண்!

அந்த வரிசையில் ஒரு பிள்ளையார். இரண்டடி உயரம். மரம் காய்ந்தபோது இடது தோளில் மெல்லிய வெடிப்பு விட்டிருந்தது. பக்கத்து இடத்தைப் பிரதி எடுத்துப் பூசுகிற கருவி ஒன்று கிம்ப்பில் உண்டு. நாலே நிமிஷத்தில் வெடிப்பு மாயம். படம் கோயம்புத்தூரில் ஒருவருக்குப் போயிற்று. "இதையே அனுப்புங்கள்" என்று அன்று சாயங்காலமே பதில் வந்துவிட்டது.

பார்சல் கட்ட உட்கார்ந்த ஆசாரியார் தற்செயலாகப் போனில் இருந்த படத்தைப் பார்த்தார்.

"தோள்ல இருந்த வெடிப்பு எங்கே கண்ணு?"

"எடுத்துட்டேன்பா."

"எதிலேருந்து எடுத்தே? மரத்திலேருந்தா, படத்திலேருந்தா?"

பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "கல்யாணப் போட்டோவுல முகப்பருவை எடுக்கிறதில்லையாப்பா? எல்லாரும்தானே செய்யறாங்க!"

"பரு இருக்குதுன்னு மாப்பிள்ளையை யாரும் பார்சல்ல திருப்பி அனுப்பமாட்டாங்க கண்ணு. பிள்ளையாரை அனுப்புவாங்க. அனுப்பினாக் கூடப் பரவாயில்லை. கள்ளக்குறிச்சிக்காரன் ஏமாத்திட்டான்னு சொல்லுவாங்க."

நல்ல வேளையாக, பெண் ஒரு புத்திசாலித்தனம் செய்திருந்தது. மூலப் படத்தைத் தொடாமல், அதன் மேல் கண்ணாடித் தாள் விரித்தாற்போல வேறோர் அடுக்கு போட்டு அதில்தான் பூசியிருந்தது. மேல் அடுக்கை மறைத்ததும் வெடிப்பு பழையபடி வந்து நின்றது. அந்தப் படத்தையும், வெடிப்பைப் பற்றி இரண்டு வரியையும் அனுப்பினார்கள்.

அப்போது பெண் அப்பாவுக்கு இன்னொன்றும் காட்டியதாம். கன்ட்ரோலையும் இஸட்டையும் சேர்த்து அழுத்தினால் கடைசியாகச் செய்த காரியம் இல்லையென்று ஆகிவிடும். மறுபடி அழுத்தினால் அதற்கு முந்தியது. இந்த வசதி எப்போதும் இப்படித் தாராளமாக இருந்ததில்லை. 1990-ல் வெளிவந்த பேர்பெற்ற போட்டோஷாப்பில் கூட முதலில் ஒரே ஒரு படிதான் பின்னால் போகலாம். பல படி போக 1998 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அடுக்குகள் வந்ததே 1994-ல்தான்.

ஆசாரியார் அந்தப் பொத்தானைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாராம். "முப்பது வருஷத்துல எத்தனை மூக்கு பறந்திருக்கும்! உளியிலே இப்படி ஒண்ணு இருந்திருந்தா நான் இந்நேரம் மாடி வீடு கட்டியிருப்பேன் அண்ணே!" என்று என்னிடமும் சொன்னார்.

வாஸ்தவம்தான். ஆனால், படத்துக்கு அந்தப் பொத்தான் உண்டே தவிர, படத்தை நம்பிப் பணம் கொடுத்தவர் மனசுக்கு உண்டா?

உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் இந்த வேலையில் இறங்கியிருப்பார்கள். தடுக்காதீர்கள், நல்ல கை வேலை. ஆனால் மூன்று விஷயம் சொல்லி வையுங்கள். மூலப் படத்தைத் தனியாகப் பத்திரப்படுத்தி, பிரதியில் மட்டும் கை வைக்கட்டும். வேலை முடிகிறவரை அடுக்குகளோடு கூடிய கோப்பாகவே சேமிக்கட்டும். 'ஜேபெக்' ஆக்கித் திறந்து திருத்தித் திரும்பத் திரும்பச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் தெளிவு கொஞ்சம் குறையும். மூன்றாவது, வேடிக்கைக்குச் செய்த படம் எது, விற்பனைக்கு அனுப்புகிற படம் எது என்று பிரித்து வைக்கட்டும். வாளியை அழிக்கலாம், வெடிப்பை அழிக்கக் கூடாது.

கோயம்புத்தூர்க்காரர் என்ன சொன்னார் என்று கேட்பீர்கள். அந்தப் பிள்ளையார் வேண்டாமாம். வெடிப்பில்லாமல் வேறொன்று செய்து தரச் சொல்லியிருக்கிறார். முன்பணம் நான் புறப்படும்வரை வந்து சேரவில்லை. பழைய பிள்ளையார் கூடத்து மூலையில், அருவிப் படத்துக்குக் கீழேதான் உட்கார்ந்திருக்கிறார்.

"பணம் வந்ததும் இவரை நிஜமாகவே மேகம் அருவிக்கு அழைத்துப் போ அம்மா" என்று பெண்ணிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். அப்போதாவது சட்டை நனையட்டும்!