நாளை பார்க்கலாம் என்னாதிருங்கள்



மனைவி அழைத்தும் கணவர் திரும்புவதில்லை. தொலைபேசியை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றுகிறார். சில வாரங்களுக்குள் இரண்டு காதுகளிலும் ஒலி மங்கிப்போகிறது. "வெறும் காதடைப்புதான், வேலை குறைந்ததும் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். ஓய்வில்லாத நகர வாழ்வில் உங்கள் வீட்டிலும் இப்படி நேரிடலாம். ஆகையால் கவனியுங்கள்.

நோயைத் தடுக்கவேண்டிய உடலின் எதிர்ப்பு ஆற்றலே சிலருக்கு உள்காதைத் தாக்குகிறது. மெக்கேப் என்னும் அமெரிக்க மருத்துவர் 1979-ல் இதைத் தனி நோயாக எடுத்துரைத்தார். முதுமையில் செவித்திறன் பல ஆண்டுகளில் குறையும். இதுவோ வாரங்களிலும் மாதங்களிலும் முற்றிவிடுகிறது. தலைசுற்றலும் காது இரைச்சலும் உடன்வரலாம். இவ்வகையைச் சேர்ந்த கோகன் நோயில் கண்ணும் சிவந்து வலிக்கும். தொடக்கத்திலேயே ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் பலருக்குக் கேட்கும் திறன் திரும்புகிறது. ஆயினும் எல்லாருக்கும் அந்தப் பயன் நிலைப்பதில்லை.

அப்படியானால் எல்லாம் முடிந்துபோயிற்றா? இல்லை. உள்காதின் நுண்ணிய மயிரணுக்கள் அழிந்தாலும், செவி நரம்பு பெரும்பாலும் பிழைத்திருக்கிறது. அறுவை சிகிச்சையால் பொருத்தப்படும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவி, பழுதான பகுதியைக் கடந்து அந்த நரம்பையே மின்துடிப்பால் தூண்டுகிறது. இந்நோயாளிகளில் பெரும்பாலோர் அதன்பின் உதட்டைப் பாராமலே பேச்சைப் புரிந்துகொள்கின்றனர். ஆண்டுகள் கடந்தும் அப்பலன் பலருக்கு நிலைத்திருப்பதை மருத்துவர்கள் கண்டிருக்கின்றனர்.

ஆனால் ஓர் எச்சரிப்பு. அழற்சி நீடித்தால் உள்காதின் சுருளுக்குள் தழும்பும் எலும்பும் வளரக்கூடும். பிறகு கருவியின் மின்முனைகளை உட்செலுத்துவது கடினம், பலனும் குறையலாம். ஆகவே மருந்து பயன் தராதென்று தெரிந்தபின் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது ஞானமல்ல. மேலும், கருவி கேட்க உதவுகிறதேயன்றி நோயைத் தீர்ப்பதில்லை. மற்ற உறுப்புகளும் தாக்கப்படலாம் என்பதால் மருத்துவரின் கண்காணிப்பு தொடரவேண்டும்.

கருவியை இயக்கும் முதல் நாளில் மனிதக் குரல் இயந்திர ஒலிபோலத் தோன்றலாம். சோர்ந்துபோகாதிருங்கள், மூளை பழகுவதற்கு மாதங்கள் ஆகும். பயிற்சி நிலையத்தில் இந்தியோ ஆங்கிலமோ பேசக்கூடும். வீட்டில் நீங்கள் பேசுவது தமிழல்லவா? நாள்தோறும் சற்றுநேரம் அவர் எதிரே அமர்ந்து, தமிழில் நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். "எத்தனை முறை சொல்வது?" என்று சலித்துக்கொள்ளாதிருங்கள். அந்த ஒரு சொல் அவரை மௌனத்துக்குள் தள்ளிவிடும்.

உங்கள் வீட்டில் ஒருவர் மீண்டும் மீண்டும் "என்ன?" என்று கேட்கிறாரா? கோபப்படாமல், இந்த வாரமே காது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.