ஏற்றத்தில் முடியும் ஓட்டம்

குன்றின் மேல் இருக்கும் ஊரில் ஓடுபவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. எந்த வாசல் வழியாகப் புறப்பட்டாலும் முதலில் இறக்கம். கால்கள் புதிதாக இருக்கும்போது சாலை சலுகை காட்டும். களைத்துத் திரும்பும்போது கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து 324 மீட்டர் உயரத்தில் நிற்கும் சான் ஜிமிஞானோவில் இந்தக் கணக்கிலிருந்து யாருக்கும் விலக்கு இல்லை.

கல் கோபுரங்களுக்குப் பேர் போன ஊர் இது. இடைக்காலத்தில் பணக்காரக் குடும்பங்கள் போட்டி போட்டுக்கொண்டு கட்டியவை. ஒரு காலத்தில் 72 இருந்தன என்று சொல்வார்கள். இன்று நிற்பவை 14. யுனெஸ்கோ 1990-ல் இந்த ஊரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பஸ் பஸ்ஸாக வரும் சுற்றுலாப் பயணிகள் கோபுரங்களைப் பார்த்து, ஐஸ்கிரீம் சாப்பிட்டு, மாலைக்குள் இறங்கிவிடுகிறார்கள். ஓட வருபவர்கள் வேறு ரகம். அவர்களுக்கு வேண்டியது ஊரைச் சுற்றியுள்ள திராட்சைத் தோட்டங்களுக்கும் ஆலிவ் தோப்புகளுக்கும் நடுவே வளைந்து போகும் வெள்ளைச் சரளைச் சாலைகள். 'ஸ்ட்ராதே பியான்கே' என்பது உள்ளூர்ப் பெயர். வெள்ளைச் சாலைகள் என்று பொருள்.

சிறிய சுற்று வேண்டுமென்றால் கோட்டைச் சுவரே போதும். வெளிப்புறமாக ஒரு முறை சுற்றினால் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். தூரம் குறைவு என்று அலட்சியம் கூடாது. சமதளம் என்று சொல்ல நூறடி கூடத் தேறாது. கிழக்குப் பக்கம் சற்றுக் கீழே இறங்கினால் கல் வளைவுகளுக்கு உள்ளே பழைய ஊற்றுகள். ஊரார் தண்ணீர் எடுத்ததும் துணி துவைத்ததும் இங்கேதான். இன்று பொழுதுபோக்குக்காக மூச்சு வாங்கும் அதே ஏற்றத்தில் அன்று பாத்திரமும் ஈரத்துணியுமாக ஏறினார்கள்.

இரண்டாவது பாதை வடக்கே, சான் மத்தேயோ வாசல் வழியாக. செல்லோலே என்ற இடத்தில் சைப்ரஸ் மரங்களுக்கு இடையே 13-ம் நூற்றாண்டு தேவாலயம் ஒன்று. அதையும் தாண்டிப் போனால் பன்கோலே கிராமம். அங்குள்ள மாதா ஆலயத்தை இரண்டாம் உலகப் போரின்போது, 1944-ல், பின்வாங்கிய ஜெர்மானியப் படை தகர்த்தது. போருக்குப் பிறகு மீண்டும் எழுப்பினார்கள். அதோடு திரும்பினால் போக வர சுமார் 12 கி.மீ. ஒரு காலை நேரத்துக்குப் போதுமான தூரம்.

மூன்றாவது பாதை தெற்கே மொன்டெரிஜோனி வரை. ஏறக்குறைய 31 கி.மீ. ஓடைகளைத் தாண்டி, அடுத்த மேட்டில் ஏறி, மறுபடி இறங்கி, கடைசியில் ஒரு சிறு குன்றின் மேல் வட்டமாகச் சுவர் கட்டிய அந்தக் குட்டிக் கோட்டையில் முடியும். 13-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஃபுளோரன்ஸை எதிர்த்து எல்லையில் காவல் நிற்க சியனா நகரம் கட்டிய கோட்டை. இது பயிற்சி பெற்றவர்களுக்கான தூரம். மற்றவர்கள் நடப்பது நல்லது; பலரும் அதைத்தான் செய்கிறார்கள்.

காரணம், இந்த இரண்டு பாதைகளும் ஒரே பழைய யாத்திரை வழியின் துண்டுகள். இங்கிலாந்தின் கேன்டர்பரியிலிருந்து ரோம் வரை 1,700 கி.மீ.க்கு மேல் நீளும் அதன் பெயர் 'வியா ஃபிராஞ்சிஜெனா'. கேன்டர்பரி பேராயர் சிஜெரிக் 990-ம் ஆண்டு வாக்கில் ரோமிலிருந்து ஊர் திரும்பியபோது தங்கிய இடங்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் சான் ஜிமிஞானோவும் உண்டு. ஐரோப்பிய கவுன்சில் இந்த வழியை 1994-ல் கலாசாரப் பாதையாக அங்கீகரித்தது. தெற்கு வாசலையும் வடக்கு வாசலையும் இணைக்கும் ஊரின் பிரதான வீதியே இந்த யாத்திரை வழிதான்.

ஊரை வாழவைத்தது வழி. ஊரைக் கைவிட்டதும் வழிதான். யாத்ரீகர்களும் வியாபாரிகளும் வந்த காலத்தில் குங்குமப்பூவும் ஒயினும் விற்றுப் பணம் குவிந்தது. கோபுரங்கள் எழுந்தன. 1348-ல் பிளேக் வந்தது. மக்களில் பெரும் பகுதியினர் மாண்டார்கள். 1353-ல் ஊர் ஃபுளோரன்ஸுக்கு அடங்கியது. போக்குவரத்து மெல்ல மெல்லப் பள்ளத்தாக்குப் பக்கம் நகர்ந்தது. பழையதை இடித்துப் புதிதாகக் கட்டப் பணம் இல்லாத காரணத்தாலேயே கோபுரங்கள் தப்பின. இன்றும் இங்கே ரயில் நிலையம் கிடையாது. பள்ளத்தாக்கில் உள்ள போஜிபோன்சியில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும்.

கோபுரத்தின் கதை சுற்றுலாக் கையேடுகளில் இருக்கிறது. காலுக்கடியில் இருக்கும் சாலையின் கதை அவ்வளவாக இல்லை. சாதாரண நாட்டுப்புறத்துக்கு இத்தனை சாலைகள் எதற்கு? ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு கிளைப்பாதை, அதன் முடிவில் தனியாக ஒரு கல் வீடு. இதற்குப் பதில் 'மெஸாட்ரியா' என்ற வார முறையில் இருக்கிறது. நிலம் பண்ணையாருடையது, உழைப்பு குடியானவனுடையது, விளைச்சல் இருவருக்கும் பாதிப் பாதி. குடியானவன் குடும்பம் ஊருக்குள் இல்லாமல் உழும் நிலத்திலேயே குடியிருந்தது. அதனால் வீட்டுக்கு ஒரு பாதை தேவைப்பட்டது. மாட்டு வண்டி போக வழி வெட்டியதும், மழை அரித்த இடத்தில் சரளை கொட்டியதும், ஓரத்தில் வாய்க்கால் எடுத்ததும் அந்தக் குடும்பங்கள்தான்.

பல நூற்றாண்டுகள் நீடித்த இந்த ஏற்பாடு இருபதாம் நூற்றாண்டில் உடைந்தது. போருக்குப் பின் இளைஞர்கள் பாதி விளைச்சலை நம்பி நிலத்தில் கிடக்க விரும்பவில்லை. பள்ளத்தாக்கில் தொழிற்சாலைகள் கூப்பிட்டன. 1964-ல் புதிய வார ஒப்பந்தங்களுக்குச் சட்டம் தடை விதித்தது. 1982-ல் வந்த சட்டம் எஞ்சியவற்றைக் குத்தகையாக மாற்ற வழி செய்தது. அதற்குள் மேடுகளில் இருந்த வீடுகள் பல காலியாகியிருந்தன. பிறகு நகரத்துக்காரர்களும் வெளிநாட்டினரும் வாங்கினார்கள். சில வீடுகள் பண்ணை விடுதிகளாயின. மாடு கட்டிய இடத்தில் இன்று நீச்சல் குளம்.

வீடு பிழைத்தது, பாதைதான் அந்தரத்தில் நிற்கிறது. சரளைச் சாலைக்கு ஆயுள் குறைவு. வருடா வருடம் சமன் செய்து, வாய்க்கால் தூர் எடுக்காவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் ஓடையாகிவிடும். அதைச் செய்த கைகள் இப்போது இல்லை. தார் போட்டால் தொல்லை தீரும். தார் கேட்பவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கோடையில் ஒவ்வொரு கார் போகும்போதும் துவைத்த துணி மீது வெள்ளைப் புழுதி படிந்தால், ஆம்புலன்ஸ் வரும் வழி சேறாகக் கிடந்தால், யாருக்கும் அழகு ரசிக்கத் தோன்றாது. ஆனால் தார் வந்தால் வேகமும் கூடவே வரும். வேகம் வந்த சாலையில் நடப்பவரும் ஓடுபவரும் ஓரத்துக்குத் தள்ளப்படுவார்கள்.

இதற்கு ஒரு பதில் அதே சியனா மாவட்டத்தில் கிடைத்தது. கியான்டி பகுதியின் கயோலே என்ற ஊரில் 1997-ல் 92 பேர் பழைய சைக்கிள்களில், பழைய பாணி உடையில், வெள்ளைச் சாலைகளில் கிளம்பினார்கள். 'லெரோயிகா' என்று பெயர். மண் சாலைகளைத் தாரிலிருந்து காப்பாற்றுவது அதன் நோக்கங்களில் ஒன்று. 92 ஆயிரங்களானது. 2007-ல் தொழில்முறை வீரர்களுக்கென்றே ஒரு பந்தயம் பிறந்தது. சாலையின் பெயரே பந்தயத்தின் பெயர். இன்று இந்தச் சரளை டெலிவிஷனில் வருகிறது. தரித்திரத்தின் அடையாளமாக இருந்த சாலை மாவட்டத்தின் விளம்பரமாகிவிட்டது. பராமரிக்கவும் ஒரு காரணம் கிடைத்தது. இதில் பாடம் எளிது: பாதையைக் காப்பது அறிவிப்புப் பலகை அல்ல, அதில் போகும் ஆட்கள். ஆள் நடமாட்டம் நின்ற பாதையை முதலில் புல் மூடும், பிறகு யாராவது வேலி போடுவார்கள்.

ஆகவே ஓடலாம், சில எச்சரிக்கைகளுடன். முதல் நாளே இறக்கத்தில் பாய்ந்து ஓடுவது புத்திசாலித்தனம் அல்ல. இறங்கும்போது முன் தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் பாரத்தைத் தாங்குகிறது. ஏற்றத்தை விட அதுதான் தசைக்கு அதிக சேதம். வலி அன்று தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் மாடிப்படி இறங்கும்போது தெரியும். மழை பெய்தால் இங்குள்ள களிமண் காலணியில் அப்பிக்கொண்டு விடாது. முன்பு கடலடியாக இருந்த மண். வெட்டிய கரைகளில் சிப்பி ஓடுகள் தென்படுவதுண்டு. ஜூலை, ஆகஸ்டில் வெயில் ஏறும் முன் திரும்பிவிட வேண்டும்.

செப்டம்பர் மூன்றாம் ஞாயிறு முதல் ஜனவரி முடிய வேட்டைப் பருவம். காட்டுப் பன்றி தேடித் துப்பாக்கியுடன் ஆட்கள் புதருக்குள் இருப்பார்கள். மங்கலான உடை ஆபத்து. சட்டப்படி செவ்வாயும் வெள்ளியும் வேட்டைக்கு விடுமுறை. காட்டு வழியாக நீண்ட தூரம் ஓட விரும்புபவர்களுக்கு அந்த இரண்டு நாட்கள் உத்தமம். தோட்டத்துக்குள் குறுக்கு வழி கூடாது. கொடி வரிசைகளுக்கு இடையே தெரியும் புல்வெளி பாதை அல்ல, ஒருவருடைய பிழைப்பு.

கடைசி ஒரு கிலோமீட்டர் எப்போதும் ஏற்றம்தான். கோபுரங்கள் கண்ணெதிரே தெரியும், கிட்டே வராது. அங்கே ஓட்டத்தை விட்டு நடப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்தப் பாதையில் ஆயிரம் ஆண்டுகளாக வந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் ஊருக்குள் நுழைந்தார்கள்.