மணிக்கட்டுக் கயிறு



சிறார் நூல்களில் சாதியைத் தொட்டாலே, "சின்னப் பிள்ளைகளுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்கிறார்கள். ஏழாம் வகுப்புப் பையனின் மணிக்கட்டில் சாதிக்கொரு நிறமாகக் கயிறு கட்டிவிடும் அண்ணன்மார்களிடம் இதைக் கேட்பார் இல்லை.

விஷ்ணுபுரம் சரவணனின் 'கயிறு' இந்தக் கயிறு கட்டும் பழக்கத்தைத்தான் கதையாக்கியது. சின்னப் புத்தகம், டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரையும் அவர் தங்கையையும் உடன் படித்தவர்களே சாதி வன்மத்தில் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைந்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் பள்ளிகளில் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. சரிதான். ஆனால் வெறும் தடையென்றால் கயிறு முழுக்கைச் சட்டைக்குள் போய்விடும். கதை படித்த பையன் தானே அவிழ்க்க வாய்ப்புண்டு.

தலித் எழுத்தாளர் பாமாவின் சிறுவயதுச் சாதி அனுபவம் சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில், ஓர் அமெரிக்கப் பழங்குடிப் பெண்ணின் நினைவுகளோடு இடம்பெற்றிருக்கிறது. எங்கள் பக்கம், விடியுமுன் ஏலத்தோட்ட ஜீப்பில் மலையேறும் அம்மாக்களின் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட எழுத்து தமிழிலேயே, எட்டாம் வகுப்பிலேயே கைக்கு வரவேண்டும். நூலகங்களுக்குப் புத்தகம் வாங்குவோர் இதைக் கவனிக்கட்டும்.

- ஒரு வாசகி, தேவாரம், தேனி மாவட்டம்