இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு

திருப்பூரின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தமிழ்ப் பிள்ளைகளோடு, ஒடியாவும் இந்தியும் பேசும் பின்னலாடைத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஆண்டின் நடுவே வந்து சேர்வார்கள். பெற்றோரின் வேலை மாறினால் போய்விடுவார்கள். இத்தகைய பள்ளியைத் தேர்வு முடிவை மட்டும் வைத்து எடைபோட்டு, ஆசிரியர் மீது பழிபோடுவது அநியாயம்.

கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள் போதும். வகுப்புகளோ 5. ஒருவர் பயிற்சிக்குப் போனால், மற்றவர் அத்தனை வகுப்பையும் கட்டி மேய்க்க வேண்டும். அன்று பாடம் எங்கே நடக்கும்?

2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தையும் காலை உணவுத் திட்டத்தையும் மனமார வரவேற்றோம். அவை மட்டும் போதா. வகுப்புக்கு ஓர் ஆசிரியரையும், வேற்றுமொழிப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கத் தனிப் பயிற்றுநரையும் வரும் கல்வியாண்டிலேயே அரசு நியமிக்க வேண்டும்.