ஜவ்வரிசிக்கு எதுக்குய்யா குத்துப்பாட்டு?

கெங்கவல்லி பக்கம் ஜவ்வரிசி விக்கிறவங்களையும் இந்த 'ரீல்ஸ் போடுங்க சார்' கும்பல் விட்டு வைக்கலை. தினம் ஒரு வீடியோ, பின்னாடி குத்துப்பாட்டு, ஓனர் கூலிங் கிளாஸோட ஸ்லோமோஷன்ல நடந்து வரணுமாம். கொடுமைடா சாமி!

கேட்டா வில்லேஜ் குக்கிங் சேனலைக் காட்டுறாங்க. அந்தப் புதுக்கோட்டைக்காரங்க 2021-ல ஒரு கோடி சந்தாதாரரைத் தாண்டினாங்க, சந்தோஷம். அவங்களுக்குப் பாக்குற கண்ணுதான் வியாபாரம். நமக்கு மூட்டை நகரணுமே?

நம்ம சரக்கு மகாராஷ்டிராவுல விரதத்துக்கு சாபுதானா கிச்சடி ஆகுது. அங்க வாங்குறவருக்கு நம்ம குத்துப்பாட்டு எதுக்கு? 'ஏன் இவ்ளோ வெள்ளை, ப்ளீச்சா, மக்காச்சோள மாவு கலப்பா'ன்னு கேப்பாரு. கிழங்கை உரிச்சு, அரைச்சு, பால் தொட்டியில படிஞ்சு, குருணையாகி, வறுபட்டு, களத்துல காயறதை மராட்டியில எழுத்துப் போட்டு ரெண்டு நிமிஷம் காட்டுங்கய்யா. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-லயே புவிசார் குறியீடு வந்தாச்சு. ஒரு வீடியோவுலயாவது அதைச் சொன்னீங்களா?