எதிரிக்காக எழுந்து நிற்பவர்

சென்ற சனிக்கிழமை பிற்பகல் குருநகருக்குப் போயிருந்தேன். கடற்கரையை அண்டிய ஒழுங்கை ஒன்றிலே என் பழைய மாணவி ஒருத்தியின் வீடு இருக்கிறது. தகப்பனார் கடற்றொழிலாளர். மகள் பல்கலைக்கழகத்திலே சட்டம் பயிலத் தெரிவாகிவிட்டாள். அந்தச் சந்தோஷத்தைப் பகிர்ந்துகொள்ளவே என்னை அழைத்திருந்தார்கள். முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த தகப்பனார் எழுந்து வந்து கதிரை எடுத்துப் போட்டார். தேநீரும் பலகாரமும் வந்தன. ஆனால், தேநீர் ஆறுவதற்கு முன்னரே சந்தோஷ வீடு வழக்கு வீடாகிவிட்டது.

தாயார்தான் வழக்கைத் தொடுத்தார்.

"சேர், நீங்களே இவளுக்குச் சொல்லுங்கோ. பொம்பிளைப் பிள்ளையளைக் கெடுத்துக் கொல்லுறவங்களுக்காகவும் கோட்டிலை வாதாடுவாளாம். அதுக்கோ நாங்கள் கடன்பட்டுப் படிப்பிச்சனாங்கள்? அப்பிடி ஒரு வழக்கும் எடுக்க மாட்டன் எண்டு உங்களுக்கு முன்னாலை சத்தியம் பண்ணச் சொல்லுங்கோ."

மகள் ஒன்றும் பேசாமல் என் முகத்தைப் பார்த்தாள்.

வாசகர்களே, என்னால் உடனே விடை கூற முடியவில்லை. அந்தத் தாயின் கோபம் பிழையான கோபமன்று. பெண்ணைப் பெற்ற எவருக்கும் எழவேண்டிய கோபமே அது. அதே கோபம் ஒரு காலத்தில் என்னையும் தெருவுக்கு இழுத்துச் சென்றது. அதை மறைக்காமல் அந்த அம்மையாருக்குச் சொன்னேன். இங்கும் சொல்கிறேன்.

2015ஆம் ஆண்டு மே மாதம் 13ஆந் திகதி, புங்குடுதீவில் பாடசாலைக்குப் புறப்பட்ட பதினெட்டு வயது மாணவி ஒருத்தி வீடு திரும்பவில்லை. அவளுக்கு நேர்ந்த கொடுமையை நாடு முழுவதும் அறியும். அவள் பெயரை நான் இங்கு எழுதவில்லை. இத்தகைய குற்றத்துக்கு இரையானவரின் பெயரை அச்சிடுவதை எமது தண்டனைச் சட்டக்கோவையே தடுத்திருக்கிறது. ஒரு வாரத்துக்குள் ஒன்பது பேர் பிடிபட்டனர். யாழ்ப்பாணம் கொதித்தது. மே 20ஆந் திகதி நீதிமன்றக் கட்டடமே கல்லெறிக்கு உள்ளாயிற்று. யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணிகளும் சந்தேக நபர்களுக்காக முன்னிலையாக மறுத்தனர்.

அந்நாட்களில் மாணவர்களோடு நானும் வீதியில் நின்றேன். கல் எறியவில்லை. ஆனால், "ஒன்பது பேரையும் தூக்கிலிடு" என்று ஒரு மாணவன் மட்டையில் எழுதிக்கொண்டு வந்தபோது, அதிலிருந்த ஒற்றுப்பிழையைத் திருத்திக் கொடுத்தவன் நான்.

இரண்டாண்டுகள் கழித்து, நீதிபதிகள் பாலேந்திரன் சசிமகேந்திரன், அன்னலிங்கம் பிரேமசங்கர், மாணிக்கவாசகர் இளஞ்செழியன் ஆகிய மூவர் அடங்கிய தீர்ப்பாயம் யாழ்ப்பாணத்தில் அமர்ந்து வழக்கை விசாரித்தது. எதிரிகளுக்காகச் சட்டத்தரணிகள் எழுந்து நின்றனர். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தனர். 2017ஆம் ஆண்டு செப்டெம்பர் 27ஆந் திகதி தீர்ப்பு வந்தது. எழுவருக்கு மரண தண்டனை. எஞ்சிய இருவருக்கும் எதிரான குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று விடுதலை.

மட்டையிலிருந்த ஒற்றுப்பிழை என் கண்ணுக்குத் தெரிந்தது. எண்ணிக்கைப் பிழை தெரியவில்லை. அன்று கூட்டத்தின் கையிலே கயிறு இருந்திருக்குமாயின், அந்த இருவரும் தூங்கியிருப்பார்கள். அவர்களின் கழுத்திலே கயிற்றைப் போட்டவர்களுள் நானும் ஒருவனாக இருந்திருப்பேன்.

இது எமக்குப் புதிய பாடமன்று. புங்குடுதீவிலே கண்ணகை அம்மனுக்குக் கோயில் எடுத்துக் கும்பிடுகிறோம். அவளுடைய கணவன் எப்படி மாண்டான்? ஒரு பொற்கொல்லனின் சொல்லைக் கேட்ட அரசன், "உன் கட்சி என்ன?" என்று கோவலனை ஒரு வார்த்தை கேளாமலே ஆளை அனுப்பிவிட்டான். சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதை முன்னே வருகிறது. வழக்குரை காதை பின்னே வருகிறது. அந்த வரிசை மாறியிருந்தால் மதுரை எரிந்திராது.

கடல் கடந்த அமெரிக்காவிலும் இதே கதைதான். 1931ஆம் ஆண்டு அலபாமா மாநிலத்தில், புகையிரதத்தில் பயணஞ் செய்த கறுப்பின இளைஞர் ஒன்பது பேர்மீது, வெள்ளைக்காரப் பெண்கள் இருவரைக் கெடுத்தார்கள் என்று குற்றம் சுமத்தப்பட்டது. அங்கும் கூட்டம் திரண்டது. சில நாட்களுக்குள் விசாரணை முடிந்து எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களுக்குச் சட்டத்தரணி என்று வந்தவர்களோ பேருக்கு வந்தவர்கள். 1932இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம், தக்க சட்ட உதவியின்றி விதித்த தண்டனை செல்லாது எனத் தள்ளியது. அடுத்த ஆண்டு அப்பெண்களுள் ஒருத்தி, தான் சொன்னது பொய்யென்று நீதிமன்றத்திலேயே கூறினாள்.

இவ்வளவையும் கேட்ட அம்மையார், "அது செய்யாதவங்களின்ரை கதை, சேர். செய்தவனுக்கு எதுக்கு அப்புக்காத்து?" என்றார்.

நல்ல கேள்வி. இதற்கு விடை செம்மணியிலே கிடக்கிறது.

1996ஆம் ஆண்டு செப்டெம்பர் 7ஆந் திகதி, சோதனை எழுதிவிட்டுத் திரும்பிய சுண்டிக்குளி மாணவி ஒருத்தியைச் செம்மணிச் சோதனைச் சாவடியில் இராணுவத்தினர் மறித்தனர். கெடுத்துக் கொன்றனர். தேடிச் சென்ற தாயையும் தம்பியையும் அயலவரையும் கொன்று புதைத்தனர். கொழும்பிலே மூவர் அடங்கிய தீர்ப்பாயம் விசாரித்தது. அங்கும் எதிரிகளுக்காகச் சட்டத்தரணிகள் வாதாடினர். 1998ஆம் ஆண்டு யூலை 3ஆந் திகதி மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எதிரிகளின் வாதத்தை முழுவதும் கேட்டு முடித்த பின் எழுதிய தீர்ப்பாதலால், அதை அசைக்க முடியவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தண்டனை விதிக்கு முன்னர், "நீ சொல்வதற்கு ஏதும் உண்டா?" என்று எதிரியைக் கேட்பது நீதிமன்ற முறை. அவ்வாறு கேட்டபோதுதான் சோமரத்ன ராஜபக்ஷ என்ற படையினன் வாய் திறந்தான். செம்மணியிலே முந்நூறு, நானூறு உடல்கள் புதைக்கப்பட்டிருக்கின்றன என்றான். 1999இல் தோண்டியபோது 15 பேரின் எச்சங்கள் வெளிவந்தன. 2025இல் செம்மணிச் சித்துப்பாத்தி மயானத்தில் தோண்டியபோது 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. பிள்ளைகளைத் தேடித் தேடிக் கண்ணீர் வற்றிய தாய்மாருக்கு, எங்கே தேடவேண்டும் என்பதை முதன்முதலில் நீதிமன்றத்திலே சொன்னது கொலைகாரன் ஒருவனுடைய வாய். அந்த வாயைப் பேசவிட்டது சட்டம்.

எமது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை, குற்றம் சாட்டப்பட்ட எவரும் தாமாகவோ சட்டத்தரணி மூலமாகவோ நீதியான விசாரணையிலே கேட்கப்பட உரித்துடையவர் என்கிறது. குற்றம் நிரூபிக்கப்படும் வரை அவர் சுத்தவாளி என்றும் சொல்கிறது. எவருமே முன்னிலையாகாவிடில் மேல் நீதிமன்றம் ஒருவரை நியமித்துக் கொடுக்கும். இந்தியாவிலும், கோயம்புத்தூரில் எழுந்த ஒரு வழக்கிலே, "இன்னாருக்கு வாதாடமாட்டோம்" என்று சட்டத்தரணிகள் சங்கங்கள் செய்யும் தீர்மானம் செல்லாது என 2010ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

நான் சட்டத்தை அடுக்கிக்கொண்டே போனேன். அம்மையாரின் முகம் இளகவில்லை. அதுவரை வலையோடு இருந்த தகப்பனார் தலை நிமிராமலே பேசினார்.

"உன்ரை அண்ணனை மறந்துபோனியே?"

அம்மையார் திடுக்கிட்டுப் பார்த்தார்.

1980களின் தொடக்கத்திலே இதே குருநகரில் ஓர் இராணுவ முகாம் இருந்தது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், அன்று ஒருவரைக் குற்றஞ் சாட்டாமலே பதினெட்டு மாதம் வரை தடுத்து வைக்க முடிந்தது. பொலிசு உயர் அதிகாரி ஒருவரிடம் கொடுத்த வாக்குமூலத்தையே அவருக்கெதிரான சாட்சியாகவும் வைக்கலாம். அம்முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுள் அந்த அம்மையாரின் தமையனாரும் ஒருவர்.

"சனமெல்லாம் எங்கடை படலையடிக்கு வரப் பயந்தது. பயங்கரவாதியின்ரை வீடு எண்டவை. கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருத்தர்தான் வந்தவர். அவர் எழுதின மனுவாலைதான் அண்ணன் உயிரோடை வந்தது. அவரும் 'இவனுக்காக வரமாட்டன்' எண்டு சொல்லியிருந்தால்?"

முற்றத்திலே சிறிது நேரம் ஒரு சத்தமும் இல்லை. பின்னர் அம்மையார் மகளின் பக்கம் திரும்பினார்.

"சரி, எடு. ஆனா ஒண்டு. செத்த பிள்ளையையும் வந்து சாட்சி சொல்லுற பிள்ளையையும் 'அவள் எப்பிடிப்பட்டவள், என்ன உடுத்தவள்' எண்டு கேட்டு அழவைக்கக் கூடாது. அப்பிடி வெண்டு கொண்டுவாற காசிலை இந்த வீட்டிலை உலை வைக்கக் கூடாது."

இதைவிடச் சிறந்த சட்ட விரிவுரையை நான் கேட்டதில்லை. எதிரியைக் காப்பது வேறு; இரையானவளை இரண்டாம் முறை இரையாக்குவது வேறு. சாட்சியம் போதுமா, அடையாளம் சரியா, வாக்குமூலம் அடித்து வாங்கியதா, மருத்துவ அறிக்கை பொருந்துகிறதா என்று கேட்பது சட்டத்தரணியின் கடமை. பெண்ணின் நடத்தையை நாறடிப்பது அக்கடமையில் அடங்காது. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், உடலிலே காயம் இல்லையென்பதைக் காட்டி அவள் இணங்கினாள் என்று வாதிட முனைவோருக்கும் சட்டம் வாசலைச் சாத்திவிட்டது. எதிர்த்து நின்ற காயம் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை என அது தெளிவாகச் சொல்கிறது.

மகள் சத்தியம் செய்தாள். தாயார் முதலிலே கேட்ட சத்தியமன்று. பின்னர் கேட்ட சத்தியம்.

விடைபெற்றுக்கொண்டு புறப்பட்டேன். தகப்பனார் படலை வரை வந்தார். "அந்தக் கறுப்புக் கோட்டுக்காரருக்கு நாங்கள் ஒரு சதமும் குடுக்கேல்லை, சேர். குடுக்க இருக்கவுமில்லை," என்றார். "இவள் யாருக்காவது அதைத் திருப்பிக் குடுக்கட்டும்."